டாக்டர் கிறீன்: ஒரு பொருளுக்கு ஒரு பெயர் தேடியவர்

நிகண்டு ஓதினார்க்கு, ஒரு பொருளுக்குப் பல பெயர் இருத்தலும் பல பொருளுக்கு ஒரு பெயர் இருத்தலும் புதுமையல்ல. செய்யுளுக்கு அவை அணி. சிலேடை பாடும் புலவர்க்கு அவையே கைம்முதல். ஆயின், அவை மருந்துப் பெட்டிக்குள் நுழையுங்கால், அணியாயிருந்தது ஆபத்தாய் மாறுகின்றது. போளம் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நறுமணமுள்ள ஒரு மரத்தின் பிசினுக்கும் அப்பெயர். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி உறையவைத்த கட்டிக்கும், கரிய என்னும் அடைமொழியோடு, அப்பெயர். முன்னது வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க உதவுவது. பின்னது பேதி மருந்து. துத்தம் என்பதும் அத்தகையதே. வெள்ளைத் துத்தம் துத்தநாகத்தின் உப்பு. மயில் துத்தம் செம்பின் உப்பு.

இவற்றினும் கொடியது பூரம், வீரம் என்னும் இரட்டையரின் கதை. இரண்டும் இரசத்தினின்று பிறந்தன, இரண்டும் வெண்ணிறத்தன. பூரம் முற்காலத்து வைத்தியர் அளவறிந்து கொடுத்து வந்த மருந்து. வீரமோ அற்ப அளவிலே ஆளைக் கொல்லும் நஞ்சு. இரசகர்ப்பூரம் என்னும் பெயரால் கடைகளில் விற்ற சரக்கில் இவ்விரண்டும் கலந்து கிடந்ததுண்டு. அடைமொழியை விழுங்கிவிட்டுச் சீட்டெழுதும் வைத்தியனும், அதனைப் பாராமற் பொட்டணம் கட்டும் கடைக்காரனும், இருவரையும் நம்பி வாயைத் திறக்கும் நோயாளியும் ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் கொள்வராயின், அப்பிழைக்கு விலையாவது ஓர் உயிரன்றோ?

வைத்தியத்தில் வழங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான ஒரு தமிழ்ப் பெயர் வேண்டுமென்று கருதி, அதற்காகத் தம் நல்ல காலத்தையெல்லாம் செலவிட்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தை ஈண்டு நம் சஞ்சிகை வாசகர்க்குச் சுருங்கச் சொல்ல விரும்புகின்றோம். அவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர். அவர் பிறந்தது அமெரிக்கா, உழைத்தது யாழ்ப்பாணம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மாணாக்கராகிய நமக்கும் அவர்க்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்குக் கட்டுரையின் பிற்பகுதி விடை கூறும்.

இளமை

கிறீன் 1822 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10 ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாகாணத்து உவூஸ்டர் நகரையடுத்த கிறீன் ஹில் என்னும் பண்ணை வீட்டிற் பிறந்தார். குடும்பம் பெரியது. அவருடைய தமையனார் அந்திரு ஹாஸ்வெல் கிறீன் என்பவரும் பேர் பெற்றவரே. 1898 ஆம் ஆண்டில், தனித்தனி ஊர்களாய்ச் சிதறிக்கிடந்த பல பகுதிகளை ஒன்றாக்கி நியூயார்க் என்னும் ஒரே மாநகரமாகச் செய்த முயற்சிக்கு அவரே தந்தை எனப் போற்றப்படுகின்றார். தமையனார் ஊர்களைச் சேர்த்தார். தம்பியார் சொற்களைச் சேர்த்தார்.

சாமுவேல் நியூயார்க் நகரத்து வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1845 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவர் கற்ற காலத்தில் அந்நாட்டில் மருந்துப் பெயர்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டாகியிருந்தது. ஊருக்கு ஒரு பெயரும் கடைக்கு ஓர் அளவுமாக மருந்துகள் வழங்கிய குழப்பத்தை நீக்கவேண்டி, அந்நாட்டு வைத்தியர் ஒன்றுகூடி 1820 ஆம் ஆண்டிலேயே ஒரு பொது மருந்து நூலை வெளியிட்டிருந்தனர். இங்கிலாந்தின் நிலை அப்பொழுது வேறு. அங்கே இலண்டன், எடின்பரோ, டப்ளின் என்னும் மூன்று நகரங்களும் மூன்று மருந்து நூல்களை வைத்திருந்தன. ஒரே பெயருள்ள கொடிய அமிலம் ஒன்று ஒரு நூலின்படி காட்டமாகவும், மற்றொன்றின்படி மென்மையாகவும் செய்யப்பட்டது. ஒரு நகரத்துச் சீட்டை மற்றொரு நகரத்துக் கடைக்குக் கொண்டு செல்பவன் உயிரைப் பணயம் வைத்தே சென்றான் எனலாம். 1864 ஆம் ஆண்டில்தான் மூன்று நூல்களும் ஒன்றாயின. பெயர் ஒன்றானாற் போதாது, அப்பெயர் குறிக்கும் பொருளும் அளவும் ஒன்றாதல் வேண்டும் என்னும் உண்மையை இவ்வரலாறு விளக்கும்.

யாழ்ப்பாணம் புகுதல்

அமெரிக்க மிஷன் சங்கத்தார் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பள்ளிகளும் வைத்தியசாலைகளும் நடத்திவந்தனர். 1820 ஆம் ஆண்டளவில் அங்கே பண்டத்தரிப்பு என்னும் ஊரில் டாக்டர் ஜான் ஸ்கடர் வைத்தியத் தொண்டைத் தொடங்கிப் பின்னர் சென்னைக்கு மாறினார். கிறீன் 1847 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டில் மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, நோயாளரைப் பார்த்ததோடு நில்லாமல், ஒரு சிறு வைத்திய வகுப்பையும் ஆரம்பித்தார்.

அவ்வகுப்பு முதலில் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. கிறீனோ வந்த நாள்முதல் தமிழை ஊக்கத்துடன் கற்றார். ஊர் ஊராகப் பேதி நோயும் அம்மை நோயும் பரவிய காலம் அது. ஒரு வெள்ளைக்கார வைத்தியர் எத்தனை குடிசைக்குள் நுழைய இயலும்? கிராமந்தோறும் கற்ற வைத்தியன் ஒருவன் இருந்தாலன்றி மக்கள் பிழையார் என்பது அவர்க்குத் தெளிவாயிற்று. ஆனால், ஆங்கிலங் கற்ற மாணாக்கன் கிராமத்திலே தங்குவதில்லை. உத்தியோகத்தை நாடிப் பட்டணஞ் சென்றுவிடுகின்றான். தங்கினாலும், தான் கற்ற சொல்லை நோயாளியிடம் சொல்ல இயலாமலும், நோயாளி சொல்வதைத் தான் கற்ற நூலோடு பொருத்த இயலாமலும் இடர்ப்படுகின்றான். இவற்றையெல்லாம் எண்ணிய கிறீன், வைத்தியக் கல்வி முழுவதையும் தமிழிலேயே அளிப்பதென்று துணிந்தார்.

முதற் பணிக்காலத்திலேயே உடற்கூறும் உடற்றொழிலும் கூறும் நூலொன்றும், பிரசவ வைத்திய நூலொன்றும் தமிழாயின. 1857 ஆம் ஆண்டளவில் உடல் நலங் குன்றித் தாய்நாடு சென்ற அவர், 1862 ஆம் ஆண்டில் மார்கரெட் அம்மையாரை மணந்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864 ஆம் ஆண்டு தொடங்கி அவருடைய வகுப்பு தமிழ் வகுப்பாயிற்று. ஆங்கிலத்தை விட்டால் உத்தியோகம் கிட்டாதே என்று மாணாக்கர் சிலர் முணுமுணுத்தனர். கிறீன் தம் கொள்கையினின்று பிறழ்ந்தாரல்லர். மாணாக்கர் மேனாட்டு உடையையும் நடையையும் பின்பற்றித் தம் மக்களுக்கு அந்நியராதலையும் அவர் விரும்பவில்லை.

சொல்லாக்கம்

தமிழிற் கற்பிப்பதென்று துணிதல் எளிது. கற்பித்தற்குச் சொல் வேண்டுமே! எலும்பும் நரம்பும் ஒருவாறு நம் மொழியில் உண்டு. ஆனால், மேனாட்டு வைத்தியம் நரம்பு என்னும் ஒரே சொல்லைக் கேட்டு அமைதி கொள்ளாது. உணர்ச்சியைக் கொண்டு செல்வது எது, இரத்தத்தைக் கொண்டு செல்வது எது, தசையை எலும்போடு பிணிப்பது எது என்று அது வேறுபடுத்தி வினவும். மருந்துப் பெயரோ இன்னும் சிக்கல். நாட்டு மருந்துக்கு ஊர்தோறும் வேறு பெயர். புதிதாய் வந்த மேனாட்டு மருந்துக்கு யாதொரு பெயரும் இல்லை.

இதற்கெனக் கிறீன் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். முதலாவது, தமிழில் வழங்கும் சொல் பொருத்தமாயின் அதனையே கொள்ளுதல். இரண்டாவது, தமிழிற் கிடையாதாயின் வடமொழியினின்று எடுத்துக்கொள்ளுதல். மூன்றாவது, இரண்டிலும் இல்லையாயின், ஆங்கிலச் சொல்லையே தமிழ்ச் செவிக்கும் தமிழெழுத்துக்கும் இசைய மாற்றி வைத்துக்கொள்ளுதல். உடற்கூற்றை அங்காதிபாதம் என்றார்; உடலின் தொழிலைச் சுகரணம் என்றார்; அறுவை வைத்தியத்தை இரண வைத்தியம் என்றார்; இரசாயன நூலைக் கெமிஸ்தம் என்றார். இவற்றுட் சில நம் செவிக்கு இன்று விநோதமாய் ஒலிக்கலாம். இனிமையை ஓரளவு தியாகம் செய்தேனும் உறுதியைப் பெறவேண்டுமென்பது அவர் நோக்கம். ஒரு சொல்லை ஒரு பொருளுக்கென்று அமைத்துவிட்டால், அடுத்த பக்கத்திலும் அடுத்த நூலிலும் அதனை மாற்றலாகாது என்பதே அவ்வேலையின் உயிர்நிலை.

இப்பெரும் பணியை அவர் தனித்துச் செய்தாரல்லர். தான்போர்த், சாப்மன், சுவாமிநாதன் முதலிய தமிழ்த் துணைவர் மொழிபெயர்த்தனர். அவர் ஒப்புநோக்கித் திருத்தினார். இரண வைத்தியம் 1867 ஆம் ஆண்டிலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872 ஆம் ஆண்டிலும், கெமிஸ்தம் 1875 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நூல்களோடு அமையாது, ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல்லை நிரல்பட வைத்த அருஞ்சொல் அகராதிகளையும் அவர் பதிப்பித்தார். அவற்றுள் 1875 ஆம் ஆண்டில் வெளிவந்தவற்றில் மருந்துச் சரக்கும் மருந்து கூட்டும் முறையும் பற்றிய சொற்றொகுதியும் ஒன்று. சீட்டெழுதுவோனும் மருந்து கலப்போனும் ஒரே ஏட்டைப் பார்த்து நடக்கவேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சென்னையில் ஒரு துணைவர்

இதே காலத்தில் நம் சென்னையிலும் இவ்வெண்ணம் ஒருவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. 1868 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் ஆதரவில், டாக்டர் உவேரிங் என்பவர் பதிப்பித்த இந்திய மருந்து நூல் வெளிவந்தது. நம் நாட்டு மூலிகைகளுக்கு அந்நூல் அரசாங்க அங்கீகாரம் அளித்தது. ஆயின், நூலிற் காணும் இலத்தீன் பெயரைக் கொண்டு கடைத்தெருவில் சரக்கு வாங்குவது எங்ஙனம்? இதற்கு விடை தந்தவர், திருவல்லிக்கேணி வைத்தியசாலையிற் பணிபுரிந்த மூதீன் ஷெரீப் என்னும் முகமதிய வைத்தியர். ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி முதலாகப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களைத் திரட்டி, ஒரே பெயரில் இருவேறு சரக்குகள் விற்கப்படும் இடங்களையும் சுட்டி, 1869 ஆம் ஆண்டில் அந்நூலுக்கு ஓர் அநுபந்தம் வெளியிட்டார்.

ஷெரீப் பல பெயர்களையும் ஒருங்கே நிறுத்திப் பொருளைக் காட்டினார். கிறீன் பல பெயர்களுள் ஒன்றை நிறுத்தி வழக்காக்க முயன்றார். முன்னையது இல்லாமற் பின்னையது குருட்டுத் துணிபாகும். பின்னையது இல்லாமல் முன்னையது வெறும் பட்டியலாகும். உவேரிங் துரையின் அந்த மருந்து நூலே கிறீனின் முயற்சியால் இந்து பதார்த்த சாரம் என்னும் பெயரோடு தமிழுருப் பெற்றதென்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இறுதிக் காலம்

1873 ஆம் ஆண்டில் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாய்நாடு திரும்பினார். அதற்குள் 60-க்கு மேற்பட்ட வைத்தியர் அவரிடம் கற்றுத் தேறியிருந்தனர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர். ஊர் மாறினாலும் அவர் தொழில் மாறவில்லை. உவூஸ்டரிலிருந்துகொண்டே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கப்பலேற்றினார். மனுஷ சுகரணம் 1883 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டு, 1884 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆம் நாள், தாம் பிறந்த இல்லத்திலேயே அவர் உயிர் நீத்தார். அவர் வழியாகத் தமிழுக்குக் கிடைத்த வைத்திய நூல்களின் பக்கங்கள் 4,000-க்கு மேற்பட்டவை. தமிழர்க்கு வைத்தியத் தொண்டராயிருந்தவர் என்னும் அடையாளமே தம் கல்லறையிற் பொறிக்கப்படவேண்டுமென்று அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஆனால், அவர் ஆக்கிய சொற்கள் எங்கே? அங்காதிபாதமென்றால் இன்று பொருளறிவார் அரியர். கெமிஸ்தம் ஆராய்ச்சியாளர் ஏட்டிலன்றி வேறெங்கும் இல்லை. 1870 ஆம் ஆண்டில் கொழும்பில் ஆங்கில வழி வைத்தியக் கல்லூரி எழுந்தது. பட்டமும் உத்தியோகமும் அவ்வழியே சென்றன. மாணாக்கரும் அவ்வழியே சென்றனர். கிறீன் மறைந்தபின் மானிப்பாயின் தமிழ் வைத்தியக் கல்வியும் மறைந்தது. அவர் சொற்கள் பழுதுடையன என்று கூறி எவரும் அவற்றைத் தள்ளவில்லை. வழங்குவாரின்மையால் அவை வீழ்ந்தன. ஒரு பெயர் நிலைபெறுதற்கு அதன் அழகும் பொருத்தமும் போதா. எழுதுவோர், விற்போர், ஆள்வோர், உண்போர் ஆகிய யாவரும் அதனை ஒப்புக்கொண்டு நாடோறும் கையாளுதல் வேண்டும். கிறீனின் வாழ்க்கையிலிருந்து நாம் கற்கும் பெரும்பாடம் இதுவே என்று துணிகின்றோம்.

நம் ஊரும் அவர் கனவும்

இனி நம் ஊருக்கு வருவோம். பண்டத்தரிப்பில் தொண்டு தொடங்கிய ஸ்கடரின் குடும்பமே பின்னாளில் நம் ஆர்க்காட்டுப் பகுதியிலும் வைத்தியத்தை வளர்த்தது. அவருடைய பேர்த்தியார் ஐடா ஸ்கடர், இளம்பெண்ணாய்த் தம் தந்தையாரோடு திண்டிவனத்தில் தங்கியிருந்த காலத்தில், ஓர் இரவிலே மூன்று வீட்டார் வந்து பிரசவ வேதனைப்படும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். ஆண் வைத்தியரை வீட்டினுள் விட அவர்கள் இசையவில்லை. மூன்று தாய்மாரும் மாண்டனர். அவ்விரவே ஐடா அம்மையாரை வைத்தியராக்கி, வேலூரில் பெரிய வைத்தியசாலை எழக் காரணமாயிற்று. மருந்தும் அறிவும் அருகிலிருந்தும், நோயாளிக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு சுவர் நிற்குமாயின் பயனில்லை. திண்டிவனத்தில் நின்ற சுவர் வழக்கம். மானிப்பாயில் நின்ற சுவர் மொழி.

கிறீன் விரும்பிய ஒருமை, அவர் எண்ணியிராத வழியால் இன்று பெரும்பாலும் கைகூடியிருக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 1953 ஆம் ஆண்டு முதல் மருந்துகளுக்குப் பொதுப் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு வருகின்றது. நம் மாநிலத்தில் 1994 ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அது மருந்துகளை வணிகப் பெயரால் வாங்குவதை விட்டுப் பொதுப் பெயரால் வாங்கி, மாதிரிகளைச் சோதித்து, மாவட்டக் கிடங்குகளின் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகின்றது. முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் மாத்திரையும், திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குச் செல்லும் மாத்திரையும் ஒரே பட்டியலின் ஒரே பெயரால் கணக்கெழுதப்படுகின்றன. பெயர் ஒன்றானமையால், எக்கிடங்கில் எம்மருந்து எவ்வளவு உளது, எது காலங்கடந்தது என்பனவற்றைக் கணிப்பொறியில் ஒரு நொடியிற் காணலாம். பெயர் பலவாயிருப்பின், ஓரிடத்திற் குவியலாய்க் கிடக்கும் மருந்தே மற்றோரிடத்தில் இல்லையெனப்படும்.

அஃதன்றியும், 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல், மிகுதியாய் விற்கும் 300 வணிகப் பெயர் மருந்துகளின் மேலுறையில் கட்டக் குறியீடு ஒன்று பொறிக்கப்படவேண்டுமென்று மத்திய அரசு விதித்தது. பொருளின் தனி அடையாளக் குறி, பொதுப் பெயர், வணிகப் பெயர், செய்தோர் பெயரும் முகவரியும், தொகுதி எண், செய்த நாள், காலாவதி நாள், உரிம எண் என்னும் 8 செய்திகள் அதனுள் அடங்கும். ஷெரீப்பின் அநுபந்தமும் கிறீனின் அகராதியும் ஒரு விரல் நுனியளவு கட்டத்திற்குள் புகுந்தன போலும்!

எனினும், இவ்வொருமை இயந்திரத்துக்கும் கிடங்குக்கும் எட்டிய அளவு, மருந்தை உண்ணும் மனிதர்க்கு எட்டிற்றா என்று கேட்கவேண்டும். காய்ச்சலுக்கு அரசு மருத்துவமனையிற் பாராசிட்டமால் வாங்கி வந்த ஒரு மூதாட்டி, வலி தீரவில்லையென்று கடையில் வேறொரு வணிகப் பெயருள்ள மாத்திரையும் வாங்கி விழுங்கக்கூடும். அதுவும் பாராசிட்டமாலே. இரு பெயரைக் கண்டு இரு மருந்தென்று கருதி இரட்டிப்பு அளவை உண்டு வந்தால், ஈரல் கெடும். உறையின்மேல் பொதுப் பெயர் அச்சிட்டே இருக்கின்றது; ஆயின், பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், பொடியாக இருக்கின்றது. போளத்திலும் துத்தத்திலும் நாம் கண்ட பழைய இடர், புது வேடம் பூண்டு அம்மூதாட்டியின் கையிலே இன்னும் இருக்கின்றது.

மாணவ நண்பர்காள்! கிறீன் விட்டுச்சென்ற வேலையில் பாதி முடிந்தது, பாதி எஞ்சியிருக்கின்றது. கிடங்குப் பட்டியலை ஒழுங்காக்கியவர் பலர். அப்பட்டியலின் பெயரை நோயாளியின் மொழியிலே சொல்லிக் கொடுப்பார் சிலரே. உங்களுட் சிலர் வைத்தியராவீர், சிலர் மருந்தாளுநராவீர், ஏனையோர் யாவரும் ஒரு வீட்டில் நோயுற்ற ஒருவர்க்கு மருந்து எடுத்துக் கொடுப்பவராகவேனும் இருப்பீர். அடுத்த முறை ஒரு மாத்திரைப் பட்டையை உங்கள் வீட்டுப் பெரியவர் கையிற் கொடுக்குமுன், அதன் பொதுப் பெயரைத் தேடிப் படித்து, தமிழெழுத்திற் பெரிதாக எழுதி, முன்னே வீட்டிலிருக்கும் மாத்திரைகளின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குச் செல்லும் நேரம் ஒரு நிமிஷம். கிறீன் அவ்வேலைக்கு நெடுங்காலம் கொடுத்தார்.